கச்சான் காலத்துக் கரிக்கணக்கு

வைகாசி பிறந்தால் மட்டக்களப்பில் கச்சான் தொடங்கிவிடும். மேற்கே படுவான்கரை வயல்களைத் தாண்டி, வாவியின் மேலாக வந்து, எழுவான்கரை வீடுகளின் யன்னல்களை அடிக்கும் காய்ந்த காற்று அது. (வெளியூர் வாசகர்களுக்கு: இங்கே கச்சான் என்றால் நிலக்கடலையும்தான். ஆடி அமாவாசைக்கு மாமாங்கக் கோயிலில் இந்தக் கச்சான் வீச, அந்தக் கச்சானைக் கொறித்தபடி நடப்பது எங்கள் வழக்கம்.) அந்த மாதங்களில் பிற்பகல் மூன்று மணிக்குத் தகரக் கூரையின் கீழே இருப்பவருக்கு மின்விசிறி ஆடம்பரப் பொருள் அல்ல.

அதே காற்று மலைநாட்டின் மேற்குச் சரிவில் ஏறும்போது ஈரத்தோடு ஏறுகிறது. காசல்ரீ, மவுசாக்கலை நீர்த்தேக்கங்களின் மேல் மழையைக் கொட்டிவிட்டு, வெறுங்கையோடு எங்கள் பக்கம் இறங்குகிறது. இறங்க இறங்கச் சூடேறுகிறது. எங்களுக்கு வெக்கையைக் கொண்டுவரும் காற்றுத்தான் விசிறியைச் சுழற்றும் நீரையும் அங்கே நிரப்பிவைக்கிறது. அது ஏமாற்றும் ஆண்டில் விசிறி நிற்பதில்லை. அதற்கு வேண்டிய மின்சாரம் மேற்குக் கரையில் எண்ணெயையோ நிலக்கரியையோ எரித்து வருகிறது.

ஒரு நாட்டின் மின் உற்பத்தித் துறை வெளியிடும் காபனீரொட்சைட்டு எதனால் கூடுகிறது, எதனால் குறைகிறது என்று கேட்டால், இலங்கையில் முதலில் வரும் பதில் மழைதான். பத்திரிகையில் அமைச்சர்கள் சொல்வதும் அதையே. அந்தப் பதிலில் உண்மை இருக்கிறது. ஆனால் முப்பது ஆண்டுக் கணக்கை விரித்துப் பார்த்தால் மழையின் பங்கு குறைந்துகொண்டே போகிறது. கட்டப்பட்டவை, கட்டப்படாமல் இழுபட்டவை ஆகியவற்றின் பங்கு பெருத்துக்கொண்டே வருகிறது. இந்தக் கட்டுரை அந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கும் முயற்சி.

பிரித்துப் பார்ப்பதற்கு ஒரு கருவி உண்டு. 1980களின் இறுதியில் யப்பானியப் பொருளியலாளர் யோய்ச்சி கயா ஒரு சமன்பாட்டை முன்வைத்தார். ஒரு நாட்டின் காபன் வெளியேற்றத்தைச் சனத்தொகை, ஆளுக்கான வருமானம், அந்த வருமானத்தை ஈட்டச் செலவாகும் சக்தி, அந்தச் சக்தியில் அடங்கிய காபன் என நான்கு எண்களின் பெருக்கமாக எழுதலாம் என்றார். பெருக்கி வரும் விடை எப்போதும் சரியாகவே இருக்கும். ஏனென்றால் இது கண்டுபிடிப்பைவிடக் கணக்குப்பிள்ளையின் ஐந்தொகைக்கே நெருக்கமானது. மின்துறைக்கு வரும்போது ஆய்வாளர்கள் இதை இன்னும் நுணுக்குகிறார்கள்: எத்தனை யூனிட் வேண்டும், அதில் அனல்மின் பங்கு எவ்வளவு, அனலுக்குள் நிலக்கரி எவ்வளவு எண்ணெய் எவ்வளவு, ஒரு யூனிட்டுக்கு எத்தனை கிலோ எரிபொருள், கம்பியில் எவ்வளவு வீணாகிறது. இரண்டு ஆண்டுகளை எடுத்து, இடையில் வந்த மாற்றத்தில் எந்தக் காரணிக்கு எத்தனை தொன் என்று மிச்சமில்லாமல் பங்குபிரிக்கும் முறையைச் சிங்கப்பூர்ப் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஆங் செம்மைப்படுத்தினார். இன்று இந்தத் துறையில் வெளிவரும் கட்டுரைகளில் பெரும்பகுதி அவருடைய வழியில் நடப்பவைதான்.

அவை சொல்வதன் சாரம் நாட்டுக்கு நாடு மாறுகிறது. சீனாவிலும் இந்தியாவிலும் வெளியேற்றத்தைத் தள்ளிக்கொண்டுபோவது பொருளாதார வளர்ச்சி. ஆலைகளின் திறன் கூடுவது அதைக் கொஞ்சம் பின்னே இழுக்கிறது. இந்திய மின்சாரத்தில் பத்தில் ஏழு பங்குக்கு மேல் நிலக்கரியில் பிறக்கிறது. பிரித்தானியாவில் கதை எதிர்மாறு. 2012இல் மின்சாரத்தில் ஏறத்தாழ 40 சதவீதம் நிலக்கரியில் வந்தது. 2024 செப்டெம்பர் 30ஆம் திகதி கடைசி நிலக்கரி ஆலையை மூடினார்கள். அங்கே எரிபொருள் மாறியதுதான் பெருங்காரணம். பிரேசில் எங்களுக்கு நெருக்கமான சாதி: நீர்மின்னை நம்பிய நாடு. 2021இல் அங்கே கடும் வறட்சி வந்தபோது அனல் ஆலைகளை முழுமூச்சாக ஓட்டவேண்டியதாயிற்று.

இந்த முறையில் ஒரு குறை உண்டு. எந்தக் காரணி எவ்வளவு என்று அது சொல்லும். ஏன் என்று சொல்லாது. நிலக்கரியின் பங்கு கூடியது என்று எண் காட்டும். எந்தக் கேள்விப்பத்திரம் எத்தனை ஆண்டு மேசையில் கிடந்தது என்பது எண்ணில் வராது. ஆகவே சரித்திரத்துக்குப் போகவேண்டியிருக்கிறது.

பொறியியலாளர் விமலசுரேந்திர மலைநாட்டு ஆறுகளில் மின்சாரம் எடுக்கலாம் என்று 1918இலேயே எழுதிவைத்தார். லக்சபானவில் அது நிறைவேறியது 1950இல். இடையில் 32 ஆண்டுகள். தாமதம் இந்தத் துறைக்குப் பிறவிக் குணம் என்று சொல்ல எனக்கு ஆசை வருகிறது. 1969இல் இலங்கை மின்சார சபை உருவானது. 1980களில் மகாவலித் திட்டத்தின் கீழ் விக்டோரியா, கொத்மலை, ரந்தெனிகலை என்று பெரிய அணைகள் எழுந்தன. 1995 வரையிலும் நாட்டின் மின்சாரத்தில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் நீரில் வந்தது. அந்த ஆண்டு வரை எங்கள் மின்சாரத்தின் காபன் கணக்கு, உலகத்தோடு வைத்துப் பார்த்தால், இல்லையென்றே சொல்லலாம்.

1996இல் வானம் பொய்த்தது. நாளுக்கு எட்டு மணிநேரம் வரை மின்வெட்டு. அதற்குள் நல்ல அணை கட்டக்கூடிய இடங்களில் பெரும்பாலானவை தீர்ந்துபோயிருந்தன, தேவையோ நிற்கவில்லை. 1990இல் நூறு வீட்டுக்கு முப்பது வீட்டில்கூட மின்சாரம் இருக்கவில்லை. 2016அளவில் ஏறக்குறைய எல்லா வீட்டுக்கும் வந்துவிட்டது. படுவான்கரையின் பல ஊர்களுக்கு யுத்தம் முடிந்த பிறகுதான் கம்பி இழுத்தார்கள். குப்பி விளக்கில் சோதனைக்குப் படித்த தலைமுறை இன்னும் நடுவயதைத் தாண்டவில்லை. இந்த ஏற்றத்தை வெளியேற்றத்தின் ‘காரணி’ என்று அட்டவணையில் எழுதும்போது எனக்குக் கொஞ்சம் கை கூசும். ஒரு ஆளுக்கு ஆண்டுக்கு ஏறத்தாழ 700 யூனிட் பாவிக்கும் நாடு இது. உலகச் சராசரியில் ஐந்தில் ஒரு பங்கு.

வளர்ந்த தேவையை நிரப்ப 1990களின் பிற்பாதியிலிருந்து எண்ணெய் பெருகியது: களனிதிஸ்ஸ, சப்புகஸ்கந்த, தனியார் டீசல் ஆலைகள், 2010இல் கெரவலப்பிட்டியவில் 300 மெகாவாட். எண்ணெய் விலை நாட்டை உறிஞ்சியது. நிலக்கரி மலிவு என்று பொறியியலாளர்கள் நெடுங்காலம் வாதாடி, கடைசியில் புத்தளம் மாவட்டத்தில் நுரைச்சோலை லக்விஜய ஆலை 2011இல் தன் முதல் இயந்திரத்தை ஓட்டியது. 2014இல் மூன்று இயந்திரங்கள், 900 மெகாவாட்.

இங்கே சற்று நிற்கவேண்டும், ஏனென்றால் இந்த ஒரு முடிவுதான் நாட்டின் காபன் கணக்கைத் திருப்பியது. லக்விஜய ஆண்டுக்கு 22 இலட்சம் தொன்னுக்குக் குறையாமல் நிலக்கரி எரிக்கிறது; நாட்டின் மின்சாரத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கைத் தருகிறது. ஒரு யூனிட்டுக்கு 400 கிராம் அளவு நிலக்கரி, அதிலிருந்து ஏறக்குறைய ஒரு கிலோ காபனீரொட்சைட்டு. டீசலில் அதே யூனிட்டுக்கு 700 கிராம் அளவு. அதாவது எண்ணெயை விட்டு நிலக்கரிக்கு மாறியபோது செலவு குறைந்தது, கரி கூடியது. ஆலைக்குள் போகும் வெப்பத்தில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல்தான் மின்சாரமாகிறது. மிச்சம் கடலுக்கும் வானத்துக்கும்.

கப்பல் விஷயம் இன்னும் சுவாரஸ்யமானது. நிலக்கரிக் கப்பல்கள் நுரைச்சோலைக்கு அப்பால் ஆழ்கடலில் நங்கூரமிட, படகுகளில்தான் சரக்கைக் கரைக்குக் கொண்டுவருகிறார்கள். தென்மேற்குப் பருவக்காற்றில் கடல் கொந்தளிக்கும், இறக்க முடியாது. புரட்டாசி, ஐப்பசியில் தொடங்கிச் சித்திரைக்குள் ஆண்டுக்குரிய முழுச் சரக்கையும் குவித்துவைத்துவிட வேண்டும். எங்களுக்குக் கச்சான் வீசும் அதே மாதங்களில் அங்கே குவியலைக் கரைத்துத் தின்கிறார்கள். அதே காற்று மன்னாரில் 2020இல் எழுந்த தம்பபவனி காற்றாலைகளைச் சுழற்றுகிறது. தமிழ்நாட்டில் ஆரல்வாய்மொழிக் கணவாயில் முப்பந்தல் காற்றாலைகளைச் சுழற்றுகிறது. ஒரு காற்றில் நீர், காற்றாலை, நிலக்கரிக் கப்பல் மூன்றும் கட்டுண்டு கிடக்கும் நாடு உலகில் வேறெங்கும் உண்டோ, தெரியாது.

இனி மழை. 2012 வறண்ட ஆண்டு, 2013 நல்ல மழை ஆண்டு. பெரிய நீர்மின் நிலையங்களின் உற்பத்தி ஒரே தாவலில் ஏறத்தாழ இரு மடங்கானது. வறண்ட ஆண்டுக்கும் செழித்த ஆண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைச் சுமார் 250 கோடி யூனிட் என்று வைத்துக்கொண்டால், அதை டீசலில் நிரப்ப 17 இலட்சம் தொன்னுக்கு மேல் காபனீரொட்சைட்டு. நாட்டில் ஆளுக்கு 80 கிலோ. யாருடைய பழக்கமும் மாறாமல், ஒரு விசிறிகூடக் கூடுதலாக வாங்காமல் வந்துசேரும் 80 கிலோ அது.

ஆனால் நீர்த்தேக்கத்தில் தண்ணீர் இருந்தாலே மின்சாரம் என்பதும் இல்லை. இதை எங்கள் பக்கத்து விவசாயியிடம் யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டாம். இங்கினியாகலையில் சேனாநாயக்க சமுத்திரத்தின் அடியில் ஒரு சிறிய மின்நிலையம் இருக்கிறது. கல்லோயாத் திட்டம் தொடங்கிய காலத்தில் அந்தப் பகுதியும் மட்டக்களப்பு மாவட்டமே. அம்பாறை 1961இல்தான் பிரிந்தது. அங்கே கதவு திறப்பது வயலுக்காக. மின்சாரம் அந்தத் தண்ணீர் போகிற வழியில் கிடைக்கும் கைம்மாறு. சிறுபோகத்துக்குத் தண்ணீர் விடும் நாட்களில் இயந்திரம் ஓடும், கதவு மூடினால் நிற்கும்.

மகாவலியில் இந்த வழக்கு இன்னும் பெரிது. பொல்கொல்லையில் வடக்கே திருப்பிவிடும் ஒவ்வொரு கன மீற்றர் நீரும் உக்குவெலை, பொவதென்னை வழியாக வயலுக்குப் போகிறது. அது விக்டோரியாவுக்கும் ரந்தெனிகலைக்கும் இறங்குவதில்லை. அதன் உயரத்தில் பெரும்பகுதி மின்சாரமாகாமலே போய்விடுகிறது. 2023 ஓகஸ்டில் இதே பிணக்கு தெற்கே வீதிக்கு வந்தது. உடவளவை விவசாயிகள் பயிர் கருகுகிறது என்று சொல்லிச் சமனலவெவ நீர்த்தேக்கத்தின் நீரைக் கேட்டார்கள். திறந்தால் தென்பகுதியில் மின்வெட்டு வரும் என்று மின்சக்தி அமைச்சு சொன்னது. கடைசியில் தண்ணீரைத் திறந்தார்கள். நெல்லுக்குப் போன நீரின் இடத்தை எண்ணெய் நிரப்பியது. வெளியேற்றத்துக்கான காரணிகளின் பட்டியலில் சிறுபோகத்தையும் சேர்க்கவேண்டும் என்று எந்தப் பாடநூலும் சொல்லாது.

அணைகளின் எண்ணிக்கை பெரிதாக ஏறவில்லை. மேல் கொத்மலை 2012இல், உமா ஓயா 2024இல் என்று விரல்விட்டு எண்ணக்கூடிய சிலவே வந்தன. தேவை ஏறிக்கொண்டே போனதால் அந்த நீரின் பங்கு சுருங்கிக்கொண்டே வந்தது. ஆகவே மழை இன்று செய்வது ஊசலாட்டம் மட்டும். ஊஞ்சல் எந்த உயரத்தில் கட்டப்பட்டிருக்கிறது என்பதை முடிவுசெய்வது வேறு ஆட்கள்.

அந்த ஆட்களின் கதைக்குச் சம்பூரைப் பார்க்கலாம், எங்கள் மாகாணத்துக் கதை. 2006இல் யுத்தத்தில் சம்பூர் மக்கள் இடம்பெயர்ந்தார்கள். அதே ஆண்டு இந்தியத் தேசிய அனல்மின் கழகத்தோடு சேர்ந்து அங்கே நிலக்கரி ஆலை கட்ட உடன்பாடு வந்தது, 500 மெகாவாட். மக்கள் திரும்பி வர ஏறக்குறைய பத்து ஆண்டுகள் போராடினார்கள். சூழல் வழக்கும் நடந்தது. 2016 செப்டெம்பரில் ஆலை கைவிடப்படுவதாக அரசு உயர் நீதிமன்றத்துக்குச் சொன்னது. சரியான முடிவு என்றே நான் நினைக்கிறேன். அதன் பிறகு நடந்ததுதான் சரியில்லை. அந்த 500 மெகாவாட்டின் இடத்தில் வரவேண்டிய சூரியப் பண்ணைக்கு, 120 மெகாவாட் அளவில், 2025 ஏப்ரலில்தான் அடிக்கல். ஒன்பது ஆண்டு. இடைவெளியை நிரப்பியது டீசலும், அவசரக் கொள்வனவும், லக்விஜயவை ஓய்வில்லாமல் ஓட்டியதும். மன்னாரிலும் பூநகரியிலுமாக 484 மெகாவாட் காற்றாலைக்கு வந்த அதானி நிறுவனம் விலைச் சர்ச்சைக்கும் வழக்குகளுக்கும் நடுவே 2025 பெப்ரவரியில் விலகிக்கொண்டது. அந்தச் சர்ச்சையில் நியாயம் யார் பக்கம் என்பது தனிக் கட்டுரைக்குரியது. கரிக்கணக்குக்கு வேண்டியது ஒன்றுதான்: வராத காற்றாலையின் இடத்தில் மின்சாரம் வராமல் இருப்பதில்லை. புதிதாக நிலக்கரி ஆலை கட்டமாட்டோம் என்று 2021 செப்டெம்பரில் இலங்கை உலகத்துக்கு வாக்களித்தது. 2030இல் மின்சாரத்தில் 70 சதவீதம் புதுப்பிக்கத்தக்கது என்பதும் இலக்கு. இலக்கைத் தேதியோடு எழுதுவது இலகு. கேள்விப்பத்திரத்தைத் தேதியோடு முடிப்பது அப்படியல்ல.

திறனும் இழப்பும் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம், ஏனென்றால் இங்கே செய்தி நல்லது. 2000அளவில் உற்பத்தியான நூறு யூனிட்டில் இருபதுக்கு மேல் கம்பியிலும் களவிலும் போனது. இன்று அது பத்துக்குக் கீழ். யாரும் விழா எடுக்காத இந்தச் சாதனை, பல சூரியப் பண்ணைகள் செய்யக்கூடியதைச் சத்தமில்லாமல் செய்திருக்கிறது.

வருமானமும் விலையும் எப்படி வேலைசெய்யும் என்பதை 2022 எங்களுக்குத் தோலில் எழுதிக்காட்டியது. எரிபொருள் வாங்க டொலர் இல்லை. மார்ச் இறுதியில் நாளுக்குப் 13 மணிநேர மின்வெட்டு. ஓகஸ்டில் கட்டணம் 75 சதவீதம் ஏறியது, 2023 பெப்ரவரியில் மேலும் 66 சதவீதம். தேவை விழுந்தது. பிரித்துக் கணக்கிடும் ஆய்வாளர் இந்த ஆண்டுகளை எடுத்தால், ‘வருமான விளைவு’ என்ற நிரலில் அழகான ஒரு கழித்தல் குறி கிடைக்கும். அந்தக் குறிக்குள் ரைஸ் குக்கரைத் தூக்கி வைத்துவிட்டு விறகடுப்புக்குத் திரும்பிய வீடுகள் இருக்கின்றன. கடைவாசலில் இரைந்த ஜெனரேட்டர்களின் புகை மின்சார சபையின் கணக்கில் வராது. விறகின் புகையும் அதில் வராது. வறுமையால் குறைந்த கரியைச் சாதனை நிரலில் எழுதுபவர்களோடு எனக்குச் சண்டை உண்டு.

இதுவரை சொன்ன எல்லாம் ஆண்டுக் கணக்கு. அண்மைக் காலத்தில் கேள்வி ஆண்டிலிருந்து மணிக்கு இறங்கியிருக்கிறது.

கல்லடிப் பாலத்தில் மாலை ஆறரைக்கு நின்று பார்த்தால் தெரியும். சூரியன் படுவான்கரைப் பக்கம் விழுந்து முடிய, வாவியின் இரு கரையிலும் விளக்குகள் ஒன்றன்பின் ஒன்றாக ஏறும். வீடுகளில் தண்ணீர் மோட்டார், குக்கர், தொலைக்காட்சி. மின்சார சபை ஆறரையிலிருந்து பத்தரை வரையுள்ள நேரத்தை உச்சநேரம் என்று வகுத்தது. வாவிக்கு அப்பால், வலையிறவுப் பாலம் கடந்து, வவுணதீவு உபமின் நிலையத்தின் வழியாக இந்தக் கரைகளுக்கு மின்சாரம் வருகிறது. அந்த நேரத்தில் கூரைச் சோலார் எதுவும் உதவாது.

கூரைச் சோலார் 2016இல் அரசுத் திட்டமாக ஊக்குவிக்கப்பட்ட பிறகு நாடு முழுவதும் பெருகி, 2024க்குள் 1,000 மெகாவாட்டைத் தாண்டியது. மட்டக்களப்பில் கடைத் தெருவிலேயே எண்ணிக்கொண்டு போகலாம். பகலில் அது நிலக்கரியையும் எண்ணெயையும் குறைக்கிறது, அதில் சந்தேகமில்லை. ஆனால் 2025 பெப்ரவரி 9ஆம் திகதி, ஞாயிற்றுக்கிழமை, தேவை குறைந்த ஒரு முற்பகலில் பாணந்துறை உபமின் நிலையத்தில் ஒரு குரங்கு மோதியதும் நாடே இருண்டது. குரங்கைப் பற்றி ஊர் சிரித்தது. சபையின் விளக்கம் வேறொரு இடத்தைத் தொட்டது: அந்த நேரத்தில் கூரைச் சோலாரின் பங்கு அதிகம், தடுமாற்றத்தைத் தாங்கிப்பிடிக்கும் கனமான சுழலிகள் போதுமான அளவு ஓடவில்லை. லக்விஜயவின் மூன்று இயந்திரங்களும் நின்று, திரும்ப எழ நாட்கள் எடுத்தன. சித்திரைப் புத்தாண்டு விடுமுறை வந்தபோது, பகல் மூன்று மணி வரை கூரைச் சோலாரை நிறுத்திவைக்கும்படி வீட்டுக்காரர்களைக் கேட்டார்கள். நிலக்கரி இயந்திரத்தை நினைத்தவுடன் அணைத்து ஏற்ற முடியாது. ஆகவே அணைக்கக்கூடியது வெயில்தான் என்று ஆயிற்று.

பகல் வெயிலை இரவுக்குக் கொண்டுபோக மின்கலன்களும், நீரை மேலேற்றிச் சேமிக்கும் திட்டமும் பேசப்படுகின்றன. மகா ஓயாவில் 600 மெகாவாட். எங்களுக்கு மேற்கே வெந்நீர்க் கிணறு இருக்கும் மகா ஓயா அல்ல, கேகாலைப் பக்கத்து மகா ஓயா. அதுவும் இன்னும் திட்டம்தான்.

ஆனால் சேமிப்பு என்பது பெரிய அணையாகவே இருக்கவேண்டும் என்றில்லை. வாவிக்கரையில் ஒரு ஐஸ் தொழிற்சாலைக்கு ஒருநாள் போயிருந்தேன். தரையடியில் உப்புத்தண்ணீர்த் தொட்டி. அதற்குள் வரிசையாகத் தகரக் கூடுகள், கூடுகளில் நல்ல தண்ணீர். அமோனியா அமுக்கி இரையும் சத்தத்தில் பக்கத்தில் நிற்பவர் சொல்வது கேட்காது. பலகை மூடியைத் தூக்கினால் காலடியில் குளிர் ஏறும். ஒரு தொன் ஐஸ்கட்டிக்கு இத்தகைய ஆலைகளில் பொதுவாக 60 முதல் 80 யூனிட் வரை போகும். கட்டி உறைந்தபின் அதை வைத்திருக்கலாம், படகுக்காரர் வரும்வரை. எந்த மணியில் உறைந்தது என்று மீன் கேட்பதில்லை.

எந்த நேரத்தில் உறையவைக்கிறீர்கள் என்று நான் கேட்டேன். கூடுமானவரை இரவு பத்தரைக்குப் பிறகு என்றார் பொறுப்பாளர். நெடுங்காலமாகத் தொழிற்சாலைகளுக்கு யூனிட் விலை மலிவான நேரம் இரவு பத்தரையிலிருந்து காலை ஐந்தரை வரை. ஊர் தூங்க, நுரைச்சோலை நிற்க முடியாமல் ஓடும் நேரம் அது. கூரைகளில் வெயில் வீணாகிக் கிடக்கும் மத்தியானத்தில் அமுக்கியை நிறுத்திவிடுகிறார்.

“பகல்ல விலையைக் குறைச்சா?” என்றேன்.

அவர் மூடியைத் திரும்ப வைத்துக் காலால் தட்டிச் சமப்படுத்தினார். “குறைச்சா நாளைக்கே மாத்திருவன் தம்பி. இரவு முழிக்கிறது ஆருக்கு விருப்பம்?”